காலையில் எட்டு, அந்தியில் ஏழு: கோழியைத் திறந்து விடுவதா, அடைத்து வளர்ப்பதா?

கூட்டை மூடும் நேரத்தில் எண்ணிக்கை ஒன்று குறைந்துவிட்டால், "இனிமேல் ஒன்றையும் வெளியே விடுவதில்லை" என்றுதான் மனம் சொல்லும். மேய்ந்து பழகிய கோழிகளை இரவுக்கூட்டிலேயே நாள் முழுக்க அடைத்தால் நெரிசலில் ஒன்றையொன்று கொத்தும், கூடு நாறும். அதைப் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்துவிடுவோம். அடுத்த வாரம் இன்னொன்று போகும். இப்படி ஒரு நாள் அடைப்பதும் மறுநாள் திறப்பதுமாக இருப்பதில்தான் கோழிகள் அதிகம் போகின்றன. ஏனென்றால் யார் கொண்டுபோகிறார்கள், எந்த நேரத்தில் என்பதைக் கடைசிவரை யாரும் பார்ப்பதில்லை.

வழிகள் ஐந்து இருக்கின்றன: முழு மேய்ச்சல், நேரம் வைத்து மேய்ச்சல், மின்வலைக்குள் மேய்ச்சல், நகர்த்தும் கூண்டு, கூரையோடு நிலையான அடைப்பு. எது சரி என்பது உங்களிடம் வரும் எதிரியைப் பொறுத்தது. ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

## முதலில்: கோழி போய்விட்டதா, உட்கார்ந்திருக்கிறதா?

முட்டையிடும் வயதில் இருக்கும் ஒரே ஒரு பெட்டை மட்டும், இறகோ ரத்தமோ இல்லாமல் காணாமல் போனால், புதரில் அடை உட்கார்ந்திருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் முட்டை எண்ணிக்கை குறைந்திருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வெளியே எங்கோ சேர்த்து வைத்திருக்கும். அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை, 20 முதல் 30 நிமிடம்தான் எழுந்து வரும். வந்ததும் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, கடும் நாற்றத்தோடு ஒரே குவியலாக எச்சமிடும். முற்றத்தில் அப்படி ஒரு எச்சம் கிடந்தால் கோழி உயிரோடு இருக்கிறது. தானியத்தைப் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு வேகவேகமாகத் தின்றுவிட்டுப் போகும். தூரத்திலிருந்தே பின்தொடருங்கள். நெருங்கினால் வேறு திசைக்கு இழுத்துப் போகும்.

இடம் தெரிந்துவிட்டால், இருட்டியபின் கோழியையும் முட்டைகளையும் சேர்த்தே உள்ளே கொண்டுவர வேண்டும். குஞ்சு பொரிக்க 21 நாள். அத்தனை இரவும் தரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கோழி, கீரிக்கும் நரிக்கும் எளிய இரை.

## யார் கொண்டுபோனது

இறகு கிடந்தால் ஒன்றை எடுத்து அதன் தண்டின் அடியைப் பாருங்கள். பருந்து, வல்லூறு போன்ற வேட்டைப்பறவைகள் இறகைப் பிடுங்கும். தண்டு அடிநுனிவரை முழுசாக இருக்கும், இறகுகள் ஒரே இடத்தில் வட்டமாகச் சிதறிக் கிடக்கும். நாய், நரி, பூனை கடித்து இழுக்கும். தண்டு நசுங்கியோ ஒடிந்தோ இருக்கும், பல இறகுகள் கத்தையாக ஒட்டிக் கிடக்கும்.

நரி பெரும்பாலும் முழுக்கோழியையும் தூக்கிப்போய்விடும். வேலியோரம் நாலைந்து இறகு மட்டும் மிஞ்சும். குட்டி வைத்திருக்கும் காலத்தில் பட்டப்பகலிலும் வரும். நாய் விரட்டிக் கொல்லும். ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்து, தின்னப்படாமல் அங்கங்கே கிடந்தால் அது நாய்தான். கீரி வகைகள் கழுத்திலும் தலையிலும் கடிக்கும். கூட்டுக்குள் புகுந்துவிட்டால் ஒன்றோடு நிற்காது. ஆந்தை இரவில், மரத்திலோ கூரைமேலோ அடையும் கோழியின் தலையையும் கழுத்தையும் தின்னும். குஞ்சுகள் மட்டும் இரவுக்கு ஒன்றாகக் குறைந்தால் எலியையோ பாம்பையோ தேடுங்கள். தாழ்ப்பாள் ஒழுங்காகத் திறந்திருந்து, ஒரு இறகும் இல்லாமல், கொழுத்த சேவல் மட்டும் போயிருந்தால் அது மனிதர் வேலை.

ஒரு எச்சரிக்கை: செத்துக் கிடக்கும் கோழியைத் தின்றது வேறு, கொன்றது வேறாக இருக்கலாம். உடல் கொஞ்ச நேரம் கிடந்தாலே காகமும் பூனையும் வந்துவிடும்.

தடயமே இல்லையென்றால் ஒரு வாரம் நண்பகலில் ஒரு முறை, அடையும்போது ஒரு முறை, காலையில் திறக்கும்போது ஒரு முறை எண்ணுங்கள். இழப்பு எந்த இரண்டு எண்ணிக்கைக்கு நடுவே விழுகிறது என்று தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி. இரவில் போகிற கோழிக்காகப் பகல் மேய்ச்சலை நிறுத்துவதில் பயனில்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விகளோடுதான் பார்க்கிறோம். உங்கள் எதிரியை அது நிறுத்துமா? நோயையும் புழுவையும் கூட்டுமா, குறைக்குமா? உங்களுக்கு இருக்கும் இடத்துக்கும் மண்ணுக்கும் ஒத்துவருமா? தினமும் உங்கள் நேரத்தில் எவ்வளவு எடுக்கும்? தீனிக்கும் பொருளுக்கும் தொடர்ந்து என்ன செலவு? கோழி கிளறவும், மண்ணில் புரளவும், வெயில் காயவும் முடியுமா? கடைசிக் கேள்வியைக் கருணையின் பேரில் மட்டும் சேர்க்கவில்லை. கிளற இடமில்லாத கோழி பக்கத்துக் கோழியின் முதுகு இறகைப் பிடுங்கும். ஒரு முறை ரத்தம் பார்த்துவிட்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

## எந்த வழிக்கும் தேவை: பலமான இரவுக்கூடு

பகலில் எப்படி வளர்த்தாலும் இரவுக்கூட்டில் சமரசம் கூடாது. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே வைப்பதற்கு மட்டுமே உதவும். நாய் அதைக் கிழித்துவிடும், எலி அதன் கண்களுக்குள் நுழைந்துவிடும். 12 முதல் 13 மி.மீ. கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைப் பற்றவைத்த வலைதான் தேவை. காற்றுக்காகக் கூரையடியில் விடும் இடைவெளிகளுக்கும் அதே வலை. சட்டத்தில் ஸ்டேப்பிள் பின்னால் மட்டும் பிடித்தால் ஒரு பக்கம் இழுத்தவுடன் கழன்றுவரும். வாஷர் வைத்து ஸ்குரூ போடுங்கள்.

தோண்டி நுழைவதைத் தடுக்க, கூட்டைச் சுற்றி 45 முதல் 60 செ.மீ. அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, சுவரடி வலையோடு கட்டிவிடுங்கள். விலங்கு சுவரை ஒட்டியே தோண்டப் பார்க்கும். இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. மேலே புல் முளைத்துவிட்டால் வலை மறைந்தும் போகும்.

உள்ளே கோழிக்கு 0.35 சதுர மீட்டர் தரை, உட்காரும் கட்டையில் 20 முதல் 25 செ.மீ. இடம். கட்டை வலையை ஒட்டி இருக்கக் கூடாது; தூங்கும் கோழியை வெளியிலிருந்தே இழுத்துக் கடிக்க அது வழிவிடும். கதவுக்கு வெறும் கொண்டி போதாது. கொண்டியின் துளையில் ஒரு கொக்கியையும் மாட்டிவையுங்கள், திருட்டு இருக்கும் இடத்தில் பூட்டு.

தானியங்கிக் கதவு வைப்பவர்கள் மூடும் நேரத்தைச் சூரியன் மறைந்து 30 முதல் 45 நிமிடத்துக்குப் பிறகு வைக்கவும். டைமர் என்றால் பருவத்துக்குப் பருவம் மாற்ற வேண்டும். ஒளி உணரி என்றால் முற்றத்து விளக்கு அதை ஏமாற்றும். இரண்டுமே உள்ளே எத்தனை கோழி என்று எண்ணாது. பிந்தி வந்த கோழி மூடிய கதவுக்கு வெளியே விடியும்வரை உட்கார்ந்திருக்கும். கதவு எதுவானாலும் எண்ணுவது உங்கள் வேலை.

## 1. முழு மேய்ச்சல்

காலையில் திறந்து அந்தியில் மூடுவது. கோழிக்கு இதைவிட மகிழ்ச்சியான வாழ்க்கை இல்லை. பச்சையும் பூச்சியும் கிடைக்கும், மஞ்சள்கரு நிறம் ஏறும், எச்சம் ஓரிடத்தில் குவியாது.

இழப்பும் இதில்தான் அதிகம். விடியலும் அந்தியும் வேட்டை விலங்குகள் நடமாடும் நேரம். கோழிகள் அப்போதுதான் வெளியே வருகின்றன, திரும்புகின்றன. கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உண்டு: ஒளித்து இடும் முட்டை, கிளறப்பட்ட நாற்றங்கால், பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல், சாலையில் அடிபடுதல். எலி மருந்து, நத்தை மருந்து, மருந்து கலந்த விதை எல்லாம் கோழியைக் கொல்லும். அழுகிய பிணத்தில் நெளியும் புழுவைத் தின்றால் கழுத்துத் தொங்கிச் சாகும். நீண்ட காய்ந்த புல்லும் நூல்கண்டும் தீனிப்பையை அடைத்துவிடும்.

பறவைக் காய்ச்சலையும் இங்கே சொல்லியாக வேண்டும். இப்போது உலகெங்கும் பரவும் எச்5என்1 வைரஸின் மூதாதை 1996-இல் சீனாவின் குவாங்டாங்கில் வாத்தினப் பறவைகளில் கண்டறியப்பட்டது. காட்டு நீர்ப்பறவைகள் அதைச் சுமந்து வருகின்றன. நோய் பரவும் காலத்தில் வளர்ப்புப் பறவைகளை அடைத்து வைக்கச் சொல்லிப் பல நாடுகள் ஆணையிடுகின்றன. முழு மேய்ச்சலை மட்டும் நம்பியிருப்பவரிடம் அப்போது அடைக்க இடம் இருக்காது.

இது ஒத்துவருவது: அகன்ற நிலம், சாலை தூரம், பகலில் நாயோ நரியோ வராத இடம், சுறுசுறுப்பான எடை குறைந்த கோழி இனம். தாழ்ந்த புதர்கள் ஓடி ஒளியும் தூரத்தில் நிறைய இருக்க வேண்டும். வெட்டவெளிப் புல்தரை பருந்துக்குத்தான் வசதி. நல்ல சேவல் வானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்ததும் பெட்டைகள் புதருக்குள் ஓடும். தலைக்கொண்டை இறகு கண்ணை மறைக்கும் இனங்களுக்கு இது ஆகாது. மின்னும் நாடாக்கள் சில நாள் வேலை செய்யும். இடம் மாற்றாவிட்டால் பருந்து பழகிவிடும். காவல் நாய் நல்ல தீர்வு, ஆனால் குட்டியிலிருந்து எடுத்தால் நம்பிக்கையாகக் கோழிகளோடு விட ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும்.

## 2. நேரம் வைத்து மேய்ச்சல்

பகலில் பாதுகாப்பான அடைப்பு, சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போது திறப்பு, மறைய அரை மணி நேரம் இருக்கும்போது உள்ளே அழைப்பு. பெரும்பாலான சின்ன வளர்ப்புக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

ஏன் மாலை? கோழிகள் பெரும்பாலும் காலையிலிருந்து நண்பகலுக்குள் முட்டையிட்டுவிடும், ஆகவே ஒளித்து இடுவது நின்றுபோகும். நேரம் குறைவு என்பதால் தூரம் போகாது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, எனவே பொழுது சாயச் சாயத் தானே கூட்டை நோக்கி வரும். வாத்து அப்படியல்ல, ஓட்டித்தான் அடைக்க வேண்டும். கினிக்கோழி மரம் ஏறிவிடும்.

அழைக்கப் பழக்குவது எளிது. ஒரே தகர டப்பா, அதில் ஒரு பிடி தானியம். ஒவ்வொரு மாலையும் அதைக் குலுக்கிவிட்டுக் கூட்டுக்குள்ளேயே போடுங்கள். ஒரு வாரத்தில் சத்தம் கேட்டதும் ஓடிவரும். வெளியே இருக்கும்போது தீனி போட்டுப் பழக்கினால் இது கெட்டுப்போகும்.

இதன் மறைவான செலவு உங்கள் மாலைப்பொழுது. நீங்களோ வீட்டில் ஒருவரோ அந்த நேரம் முற்றத்தில் இருக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இருந்தால் பருந்தும் நாயும் தயங்கும். திறந்துவிட்டு உள்ளே போய்விட்டால் இது முழு மேய்ச்சலின் ஆபத்தான ஒன்றரை மணி நேரம்தான்.

## 3. மின்வலைக்குள் மேய்ச்சல்

105 முதல் 120 செ.மீ. உயர வலையை எனர்ஜைசர் என்னும் துடிப்பு மின் கருவியோடு இணைப்பது. 50 மீட்டர் சுருள் ஒன்றைச் சதுரமாக நட்டால் பக்கத்துக்கு 12.5 மீட்டர், ஏறக்குறைய 156 சதுர மீட்டர் கிடைக்கும். நரிக்கும் நாய்க்கும் இதுபோல் மரியாதை கற்றுத்தரும் வேலி வேறில்லை.

எங்கே தோற்கிறது? புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் கசியும். காய்ந்த மண்ணில் எர்த் கம்பி வேலை செய்யாது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, வெயில் காலத்தில் அதன் அடியில் தண்ணீர் ஊற்றுங்கள். வலையின் கடைசி முனையில் சோதனைக் கருவி வைத்துப் பாருங்கள், 3000 வோல்ட்டுக்குக் குறைந்தால் நம்ப வேண்டாம். பருந்து, திருடன், பாம்பு எதையும் இது தடுக்காது. குஞ்சுகள் கண்களுக்கு நடுவே வெளியேறிவிடும். தவளையும் ஆமையும் கீழ்க்கம்பியில் சிக்கிச் சாவதும் நடக்கும், அது மனத்தை உறுத்தும். வலையைத் தாண்டிப் பறக்கும் கோழிக்கு ஒரு சிறகில் மட்டும் முதன்மை இறகுகளை மூன்றில் இரண்டு பங்கு நறுக்கலாம். ரத்தம் ஓடும் இளம் இறகை வெட்டக் கூடாது. இறகு உதிர்த்து முளைத்ததும் மறுபடி நறுக்க வேண்டும்.

வீட்டு மின் இணைப்பை நேரடியாக வேலியில் கொடுப்பது கொலைக்குச் சமம். கோழிக்காக மனித உயிர் போகும். அதற்கென்றே செய்த எனர்ஜைசர் இல்லாமல் இந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

## 4. நகர்த்தும் கூண்டு

அடிப்பாகம் திறந்த, தூக்கி நகர்த்தக்கூடிய கூண்டு. 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் அளவில் மூன்று, மிஞ்சினால் நான்கு கோழி. தினம் ஒரு கூண்டு நீளம் நகர்த்த வேண்டும். நகர்த்த மறந்த இரண்டாம் நாளே தரை எச்சத்தால் மெழுகிய மாதிரி ஆகிவிடும்.

சமதளப் புல்தரைக்கு அருமையானது. மேடுபள்ளத்தில் கூண்டின் ஓரத்துக்கும் தரைக்கும் நடுவே விழும் ஒரு கை அளவு இடைவெளி கீரிக்குப் போதும். நான்கு பக்கமும் கீல் வைத்த வலைப்பட்டை தொங்கவிட்டால் அது தரையோடு படியும். நகர்த்தும்போது பின்தங்கும் கோழியின் கால் சட்டத்துக்கு அடியில் மாட்டும், அவசரப்படாதீர்கள். மேலே பாதிக்காவது நிழல் வேண்டும். விடைக்கோழிகளை வளர்க்கவும், தோட்டப் பாத்தியைச் சுத்தம் செய்யவும் இதைவிட நல்லது இல்லை.

## 5. கூரையோடு நிலையான அடைப்பு

பக்கமும் மேலும் மூடிய முற்றம். கோழிக்கு ஒரு சதுர மீட்டர் குறைந்தபட்சம். இரண்டு இருந்தால் சண்டை பாதியாகும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மி.மீ. வெல்டு மெஷ், அதற்குமேல் 25 மி.மீ. போதும். பகலில் மட்டும் பயன்படுத்தும் அடைப்புக்கு மேலே பருந்தைத் தடுக்க 5 செ.மீ. கண் வலை போதுமானது. ஆனால் மூன்றில் ஒரு பங்காவது தகரமோ ஓடோ போட்டு, தீனியையும் தண்ணீரையும் அதன் கீழ் வையுங்கள். காட்டுப்பறவையின் எச்சம் அதில் விழாமல் இருப்பதே பெரிய நோய்த்தடுப்பு.

நாய், நரி, பருந்து, சாலை, விஷம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இது. அதற்குக் கொடுக்கும் விலை ஈரம். சூடும் ஈரமும் சேர்ந்தால் எச்சத்தில் வெளியேறும் ரத்தக்கழிச்சல் கிருமி இரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். குடற்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். தரையில் 10 முதல் 15 செ.மீ. காய்ந்த மரத்தூளோ வைக்கோலோ பரப்பி, ஈரமான இடத்தை உடனுக்குடன் அள்ளிவிடுங்கள். தண்ணீர்க் குவளை சிந்தும் இடம்தான் எப்போதும் முதலில் கெடும். அதைக் கம்பித் தட்டின் மேல் வையுங்கள். மண் குளியலுக்கு 60 செ.மீ. சதுரத் தொட்டியில் காய்ந்த மண், மணல், கொஞ்சம் சாம்பல். கீரைக்கட்டைக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டால் அரை நாள் அதோடு போகும்.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகத் தடுப்பது | தடுக்காதது | தினசரி வேலை | தீனிச் செலவு |
|---|---|---|---|---|
| முழு மேய்ச்சல் | எதுவுமில்லை | எல்லாம் | திறப்பு, மூடல், எண்ணுதல் | குறைவு |
| நேரம் வைத்து | விடியல் வேட்டை, ஒளித்த முட்டை | துணிந்த பருந்து, நோய் | மாலை ஒன்றரை மணி நேரம் ஆள் | சற்றுக் குறைவு |
| மின்வலை | நாய், நரி | பருந்து, பாம்பு, திருட்டு | மின்னழுத்தம், புல் பார்த்தல் | சற்றுக் குறைவு |
| நகர்த்தும் கூண்டு | பருந்து, பகல் நாய் | தோண்டும் விலங்கு | தினம் நகர்த்தல் | சற்றுக் குறைவு |
| நிலையான அடைப்பு | ஏறக்குறைய எல்லாம் | ஈரத்தால் வரும் நோய் | தரை பராமரிப்பு | முழுமை |

## தீனிக் கணக்கு

"மேய்ந்தால் தீனி மிச்சம்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முட்டையிடும் கோழி நாளுக்கு 110 கிராம் தின்றால் ஆண்டுக்கு 40 கிலோ. எட்டுக் கோழிக்கு 320 கிலோ. நல்ல நிலத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் என்று வைத்தால் 32 கிலோ. ஒரு குஞ்சை முட்டையிடும் நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 20 வாரமும் 7 கிலோ தீனியும் வேண்டும். ஆண்டுக்கு ஒரு கோழி போனால் மிச்சம் கையில் நிற்கும். நான்கு போனால் 28 கிலோ தீனி அதற்கே சரி. மாற்றுக் கோழி தயாராகும்வரை முட்டையும் இல்லை. நான்கு கோழி இழக்கும் இடத்தில் முழு மேய்ச்சல் எந்த விதத்திலும் சிக்கனம் அல்ல.

## யாருக்கு எது

தெருநாய் வரும் இடம், பகலில் ஆளில்லாத வீடு, சாலையோரம், பறவைக் காய்ச்சல் அறிவிப்பு உள்ள காலம்: யோசிக்காமல் நிலையான அடைப்பு. பரந்த நிலம், நரித் தொல்லை, பத்துப் பதினைந்து கோழி என்றால் மின்வலை. சமதளப் புல்லும் மூன்று நான்கு கோழியும் என்றால் நகர்த்தும் கூண்டு. மற்ற எல்லோருக்கும் அடைப்பைக் கட்டிவிட்டு மாலையில் மட்டும் திறப்பது. அடைப்பு ஒன்று இருந்துவிட்டால் மற்ற எந்த வழியிலிருந்தும் ஒரே நாளில் பின்வாங்க முடியும். முழு மேய்ச்சலை மட்டும் வைத்திருந்தால் முடியாது.

## மாற்றும்போது

இரை கிடைத்த விலங்கு அதே இடத்துக்குத் திரும்பி வரும், பெரும்பாலும் அதே நேரத்துக்கு. ஒரு கோழி போனபின் குறைந்தது இரண்டு வாரம் மற்றவற்றை இடமுள்ள அடைப்பிலேயே வைத்திருங்கள். தாக்குதலில் தப்பிய கோழிகள் இருந்தால் இறகை விலக்கித் தோலைப் பாருங்கள். பல் பதிந்த சிறு துளை வெளியே தெரியாது, உள்ளே சீழ் பிடிக்கும். அப்படி இருந்தால் தனியே வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேய்ந்து பழகிய கோழியை அடைத்தால் ஒன்றிரண்டு வாரம் முட்டை குறையும், தீனியை மாற்றாதீர்கள். வலிமை குறைந்த கோழி ஒதுங்க ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். தீனித்தட்டு இரண்டு, தண்ணீர் இரண்டு. இரண்டு வாரம் முடிந்ததும் தகர டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாள் அரை மணி நேரம் திறந்துவிடுங்கள். நடுவில் ஒரு முறை குலுக்கிப் பாருங்கள், எல்லாம் வந்தால் மறுநாள் ஒரு மணி நேரம். ஒன்று வராவிட்டாலும் நேரத்தைக் கூட்ட வேண்டாம்.